சுவர் கடந்த அலை: ஜகதீச சந்திர போஸ்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிப் பக்கத்தில் வாழ்பவர்களுக்குக் கால்கள் தாமாகவே குற்றாலத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். சென்ற ஆடி மாதத்தில் நாங்கள் சிலர் ஐந்தருவிக்குச் சென்றிருந்தோம். எங்களோடு தமிழ் இலக்கியம் பயிலும் நண்பர் ஒருவரும் வந்திருந்தார். அவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அருவிக்குச் சற்று எட்டி நின்றபடியே, எந்தப் பிரிவில் நீர் மிகுதியாக விழுகிறது, எந்தப் பிரிவு மெலிந்து விழுகிறது, பெண்கள் குளிக்கும் பக்கம் எது என்று ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டினார். சென்று பார்த்தோம். ஒன்றுகூடத் தவறவில்லை. கண் படைத்த நாங்கள் அன்று அருவியைப் பார்த்துவிட்டு வந்தோம். அவர் எங்களைவிட நன்றாக அறிந்துகொண்டு வந்தார்.

அந்த நண்பரை முன்னிட்டே நாங்கள் ஒரு காரியத்தில் இறங்கினோம். அந்தக் காரியம் தோல்வியில் முடிந்தது. தோற்றதற்குக் காரணம் தேடப் போய்த்தான் ஜகதீச சந்திர போஸ் என்னும் மாமனிதரின் வாழ்வைப் படிக்கும் பேறு எனக்குக் கிட்டியது. ஆகவே முதலில் எங்கள் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன்.

இயற்பியல் மன்றத்தின் சார்பில் விடுதி மைதானத்தில் ஒரு திரைப்படம் காட்டுவதென்று முடிவு செய்தோம். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கலாகாது என்பது 2000ஆம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதி. எனவே ஒலிபெருக்கியே இல்லாமல், அனைவரும் கம்பியில்லா ஹெட்போனில் கேட்பது என்று ஏற்பாடாயிற்று. படத்தின் ஒலியோ ஆறு தடங்களாகப் பிரித்துப் பதிவு செய்யப்பட்டது. நல்ல திரையரங்கில் கேட்டால் மழை முன்னால் பெய்யும். இடி பின்னால் உருண்டு செல்லும். சரவுண்டு சவுண்டு என்று நாம் சொல்வது இதைத்தான். கண்ணில்லாத நண்பருக்கு இதைவிட நல்ல விருந்து வேறென்ன இருக்க முடியும் என்று எண்ணினோம்.

கணினியிலிருந்து விடுதியின் வைஃபை வழியே ஒவ்வொருவர் கைப்பேசிக்கும் ஒலியை அனுப்பினோம். கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியே அவரவர் ஹெட்போனுக்கு ஒலி சென்றது. படம் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் ஒரு நகைச்சுவைக் காட்சி வந்தது. முன்வரிசையில் நால்வர் சிரித்தனர். ஒரு விநாடி கழித்து வலப்புறத்தில் சிலர் சிரித்தனர். அதற்கும் பிறகு நடுவில் ஒரு சிரிப்பு எழுந்தது. எல்லோரும் ஓய்ந்த பின்னர் தனியாக ஒருவர் சிரித்தார். அவர்தான் எங்கள் நண்பர். சுற்றிலும் இருந்தவர்கள் அவர் சிரிப்பதைக் கண்டு மீண்டும் சிரித்தார்கள். அவர் மெல்ல ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். படம் முடியும்வரை அதை மீண்டும் அவர் தொடவில்லை.

மறுநாள் எங்கள் பேராசிரியரிடம் சென்று, வானொலி அலை தாமதமாக வருகிறது ஐயா என்று முறையிட்டேன். அவர் சிரித்தார். அலை ஒரு விநாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்வது. உங்கள் மைதானத்தின் முப்பது மீட்டரைக் கடக்க அதற்கு ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு போதும். அலை அனைவருக்கும் ஒன்றாகத்தான் வந்தது, தாமதம் செய்தவை நடுவில் நீங்கள் வைத்த கருவிகள் என்று விளக்கினார். பின்னர், அந்த அலையை இந்நாட்டில் முதன்முதலில் சுவர் தாண்டச் செய்தவர் நம்மைப் போல ஓர் அரசுக் கல்லூரியில் வேலை பார்த்தவர்தான், முதலில் அவரைப் படித்துவிட்டு வா என்று நூலகத்துக்கு அனுப்பினார்.

1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங்கில் போஸ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசுப் பணியில் துணை மாஜிஸ்திரேட்டாக விளங்கியவர். அவரைப் போன்ற அதிகாரிகள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்பிய காலம் அது. பகவான் சந்திரரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே சிறுவனின் ஒரு பக்கத்தில் தந்தையிடம் பணிபுரிந்த இஸ்லாமிய ஏவலரின் மகனும், மறு பக்கத்தில் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். நீர்வாழ் உயிர்களைப் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே தமக்கு இயற்கையின்மீது முதல் ஆர்வத்தை ஊட்டின என்று பிற்காலத்தில் போஸ் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

பின்னர் கல்கத்தாவில் தூய சேவியர் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே லாஃபோன் பாதிரியார் என்னும் இயற்பியல் ஆசிரியர் செய்முறைகளால் அவர் மனத்தைக் கவர்ந்தார். 1880இல் மருத்துவம் பயில இலண்டன் சென்றார். ஏற்கெனவே வருத்திக்கொண்டிருந்த காய்ச்சல் அங்கே முற்றியது. பிணவறையின் வாடை நோயை மேலும் பெருக்கவே, மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியலில் சேர்ந்தார். நோய் செய்த தீமையில் நமக்கு ஒரு நன்மை விளைந்தது. கேம்பிரிட்ஜில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ராலே பிரபு.

வானம் ஏன் நீலமாகத் தோன்றுகிறது என்பதை விளக்கியவர் என்று நாம் பாடத்தில் படிக்கும் அதே ராலேதான். அவர் ஒலி இயலிலும் பெரும் புலவர். ஓர் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எவ்வாறு அறிகிறது என்பதை 1907இல் அவர் விளக்கினார். வலப்புறம் எழும் ஒலி வலக் காதை முதலில் அடைகிறது. இடக் காதை அடையச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அந்த வேறுபாடு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. தாழ்ந்த சுருதி ஒலிகளில் இந்த வேறுபாட்டை நாம் கணக்கிடுகிறோம். உயர்ந்த சுருதி ஒலிகளில் நம் தலையே ஒரு சுவராக நின்று தொலைவிலுள்ள காதுக்குச் செல்லும் ஒலியைக் குறைத்துவிடுகிறது; அந்த ஏற்றத்தாழ்வைக் கொண்டு திசையை உணர்கிறோம். ஐந்தருவியின் முன்னே எங்கள் நண்பர் கை நீட்டிக் காட்டியது இந்தக் கணக்கினால்தான் என்று படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. இடக் காதுக்கும் வலக் காதுக்கும் தனித்தனி இயர்பட் அணிந்தவர்களுக்கு இரண்டும் சிறிதளவு முன்பின் ஆனாலும் மழை ஏன் திசை மாறிப் பெய்கிறது என்பதும் அப்போது விளங்கிற்று.

இனி போஸின் வாழ்வுக்குத் திரும்புவோம். 1885இல் நாடு திரும்பிய அவர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு என்பது அன்றைய வழக்கம். அவருடைய பதவி தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதிதான் கிடைக்கும். ஆக ஒரே வகுப்பறை, ஒரே பாடம், ஒரே உழைப்பு; ஊதியம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு! போஸ் வாதாடவில்லை, பதவி விலகவும் இல்லை. ஒரு நாளும் தவறாமல் வகுப்புக்குச் சென்றார். ஊதியத்தை மட்டும் தொட மறுத்தார். ஒரு மாதம் இரண்டு மாதம் அன்று, மூன்று ஆண்டுகள் இவ்வாறு நடந்தது. குடும்பமோ தந்தையின் கடன்களால் நொடித்திருந்தது.

இந்த வறுமைக் காலத்தில்தான், 1887இல், அபலா அம்மையாரை மணந்தார். அம்மையாரைப் பற்றித் தமிழ்நாட்டவராகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காததால், 1882இல் உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் அவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலவில்லை. ஆயினும் பிற்காலத்தில் பெண்கல்விக்காகவும் கைம்பெண்களின் நல்வாழ்வுக்காகவும் தம் வாழ்நாளைச் செலவிட்டார். ஊதியம் வாங்காத கணவரோடு முகம் சுளிக்காமல் குடும்பம் நடத்திய பெருமையும் அவருடையதே.

மூன்றாண்டுகளுக்குப் பின் கல்லூரி நிர்வாகம் இறங்கி வந்தது. போஸின் பதவி நிரந்தரமாக்கப்பட்டது. முழு ஊதியமும் முதல் நாளிலிருந்தே கணக்கிட்டு வழங்கப்பட்டது. மொத்தமாக வந்த அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்கப் பயன்பட்டது.

1894ஆம் ஆண்டு நவம்பரில் தம் பிறந்தநாளன்று, இனி என் வாழ்வு ஆராய்ச்சிக்கே என்று அவர் உறுதி பூண்டார். அவ்வாண்டின் முதல் நாளில்தான் மின்காந்த அலைகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டிய ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் இளம் வயதிலேயே மறைந்திருந்தார். விட்ட இடத்திலிருந்து தொடர உலகெங்கும் பலர் முனைந்தனர். மாநிலக் கல்லூரியில் அதற்கென ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு சிறு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். கருவி செய்ய வல்லுநர் இல்லை. தகர வேலை செய்யும் தொழிலாளி ஒருவரை அழைத்துப் பழக்கினார். செலவெல்லாம் அவர் கையிலிருந்தே சென்றது. கற்பிக்கும் நேரமும் குறையவில்லை. பகலில் பாடம், எஞ்சிய பொழுதில் ஆய்வு.

ஹெர்ட்ஸ் கையாண்ட அலைகள் நீளமானவை. ஒளியைப் போலவே அவை வளையும், திரும்பும் என்று காட்ட வேண்டுமானால் பெரிய ஆடிகளும் பட்டகங்களும் தேவைப்படும். சிறிய அறையில் அவற்றுக்கு ஏது இடம்? அலையையே சிறிதாக்கினார் போஸ். சென்டிமீட்டர் அளவிலும் அதற்கும் கீழே ஐந்து மில்லிமீட்டர் அளவிலும் அலைகளை உண்டாக்கினார். உலோகக் குழாயின் வழியே அலையைச் செலுத்தினார். புனல் போல விரிந்த வாயினால் அதனை ஒரே திசையில் அனுப்பினார். அலையின் தளவிளைவைக் காட்ட அவர் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்று எது தெரியுமா? பிராட்ஷா என்னும் இரயில்வே கால அட்டவணை நூல்! அதன் தாள்களுக்கிடையே உலோகத் தகட்டுத் தாள்களைச் செருகினார், கருவி ஆயத்தமாகிவிட்டது. முறுக்கிய சணல் இழைகளும் அவருக்குக் கருவியாயின. நம் ஆய்வுக்கூடத்தில் அது இல்லை, இது இல்லை என்று செய்முறை ஏட்டை மூடிவைக்கும் நாம் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு செய்முறை நடந்தது. ஓரிடத்தில் அலை புறப்பட்டது. தலைமை வகித்த துணை ஆளுநர் சர் அலெக்சாண்டர் மெக்கன்சியின் பருத்த உடலையும் இடையிலிருந்த சுவர்களையும் கடந்து சென்று, ஏறத்தாழ 75 அடிக்கு அப்பால் மணியை அடித்தது. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. இடையே கம்பி ஏதும் இல்லை. கூட்டத்தினர் வியப்பில் ஆழ்ந்தனர். இளைஞர் மார்க்கோனி இத்தாலியில் தம் தந்தையின் தோட்டத்தில் கம்பியில்லாத் தந்தியைச் சோதித்துக்கொண்டிருந்ததும் இதே ஆண்டுதான்.

1897 ஜனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் போஸ் சொற்பொழிவாற்றினார். பெட்டிக்குள் அடங்கும் அவருடைய சிறு கருவிகளைக் கண்டு ஐரோப்பிய அறிஞர்கள் அதிசயித்தனர். 1899இல் ராயல் சொசைட்டியின் முன் வைத்த கட்டுரையில், இரும்பையும் பாதரசத்தையும் கொண்ட புதிய ஏற்பி ஒன்றை விவரித்தார். அலை வந்து சேர்ந்ததை ஒரு தொலைபேசிச் செவிக்குழலைக் காதில் வைத்துக் கேட்டு அறியும் அமைப்பு அது. கம்பியில்லா அலையைக் காதோடு சேர்த்த தொடக்க முயற்சிகளுள் அஃதும் ஒன்று. இன்று நாம் காதில் மாட்டிக்கொண்டு திரியும் ஹெட்போனுக்கு அது பாட்டன் முறை என்றால் மிகையாகாது. 1901 டிசம்பர் 12இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த சமிக்ஞையை மார்க்கோனி கேட்டது இத்தகைய பாதரச ஏற்பியையும் செவிக்குழலையும் கொண்டுதான். அந்த ஏற்பியின் மூலம் போஸின் 1899ஆம் ஆண்டுக் கட்டுரையே என்று பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

தம் கண்டுபிடிப்பை விற்றுப் பொருளீட்டும் வாய்ப்பு போஸைத் தேடி வந்தது. அவர் விரும்பவில்லை. அறிவு அனைவருக்கும் பொது என்பது அவர் கொள்கை. நிவேதிதையும் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால்தான் கலீனா என்னும் ஈயத் தாதுவைக் கொண்டு செய்த ஏற்பிக்கு அமெரிக்கக் காப்புரிமை கோரப்பட்டது. 1904 மார்ச் 29இல் அது வழங்கப்பட்டது. குறைகடத்தியைக் கொண்டு அமைந்த கருவிக்கு உலகில் கிடைத்த மிகப் பழைய காப்புரிமைகளுள் அஃதும் ஒன்று. அதைக் கொண்டு அவர் ஒரு காசும் சம்பாதிக்கவில்லை.

இது சரியா, தவறா? இதைப் பற்றி விடுதியில் நாங்கள் நெடுநேரம் வாதிட்டோம். காப்புரிமையைப் பயன்படுத்தியிருந்தால் அந்தப் பணத்தில் எத்தனை ஆய்வுக்கூடங்களை எழுப்பியிருக்கலாம் என்பது ஒரு கட்சி. எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆனால் தமக்குச் சேர வேண்டிய ஊதியம் குறைந்தபோது மூன்றாண்டுகள் விட்டுக்கொடுக்காமல் நின்றவரும் இவரே என்பதை மறக்கலாகாது. உழைப்புக்குரிய மதிப்பில் ஒரு காசும் குறையக்கூடாது; கண்டறிந்த உண்மைக்கு ஒரு காசும் விலை கூடாது. இரண்டும் ஒரே மனிதரின் இரு முகங்கள். 1909இல் கம்பியில்லாத் தந்திக்கான நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதற்குள் போஸின் கவனம் செடி கொடிகளின்பால் திரும்பியிருந்தது. தாவரங்களும் தூண்டலை உணர்ந்து எதிர்வினை புரிகின்றன என்பதைக் காட்ட முனைந்தார். கண்ணுக்குப் புலனாகாத அவற்றின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியைப் படைத்தார். எதிர்ப்புகள் பல வந்தன. அவரது கட்டுரைகள் அச்சேறாமல் முடக்கப்பட்ட காலமும் உண்டு. அவர் தளரவில்லை. 1917இல் சர் பட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 30இல், தம் 59ஆம் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1920இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23இல் கிரிதி என்னும் ஊரில் இயற்கை எய்தினார். அதே ஆண்டு ஜூலையில்தான் மார்க்கோனியும் மறைந்திருந்தார்.

போஸ் அந்தச் சிறு அறையில் கையாண்ட ஐந்து மில்லிமீட்டர் அலையின் அதிர்வெண் 60 கிகாஹெர்ட்ஸ். நூறாண்டுகளுக்கும் மேல் உலகம் அதனை அன்றாட வாழ்வில் பயன்படுத்தவில்லை. பின்னர் வந்த வைகிக் என்னும் தரம், படத்தையும் ஒலியையும் கம்பியின்றி மிக விரைவாக அனுப்ப அதே 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான் நாடியது. 2012இல் போஸின் மில்லிமீட்டர் அலை ஆய்வுகளை மின்னியல் வரலாற்றின் மைல்கல் என்று பன்னாட்டு அமைப்பான ஐ.இ.இ.இ. அறிவித்தது.

படித்து முடித்து மீண்டும் பேராசிரியரிடம் சென்றேன். இம்முறை முறையீட்டோடு செல்லவில்லை, தீர்வோடு சென்றேன். கைப்பேசி ஒவ்வொன்றும் ஒலியைச் சேமித்து, பிரித்து, மீண்டும் சுருக்கி ஹெட்போனுக்கு அனுப்பும் இடத்தில்தான் விநாடிகள் வீணாகின்றன. ஆகவே கைப்பேசிகளை நீக்கிவிட்டோம். மனிதனுக்குக் காது இரண்டே என்பதால் ஆறு தடங்களையும் காற்றில் அனுப்பத் தேவையில்லை. ராலே சொன்ன நேர வேறுபாட்டையும் தலையின் நிழலையும் கணினியிலேயே கணக்கிட்டு, ஆறு தடங்களை முன்கூட்டியே இரண்டாகச் சேர்த்துக்கொண்டோம். அந்த இரண்டை ஒரே ஒலிபரப்பியிலிருந்து ஒரே அலைவரிசையில் அனைவருக்கும் அனுப்பினோம். பழைய வானொலி முறைதான், வாங்கியவுடன் ஒலிப்பது, சேமித்து வைத்துத் தாமதிப்பதில்லை. இரு காதுகளும் ஒரே ஏற்பியில் இணைந்த ஹெட்போன்களையே இரவல் பெற்றோம். முதல்முறை யாரேனும் எழுந்து நடந்தால் ஒலி விட்டு விட்டு வந்தது. புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நிறைந்த மனித உடல் வெகுவாக உறிஞ்சிவிடுவதே அதற்குக் காரணம். இம்முறை ஒலிபரப்பியை உயரமான கம்பத்தில் ஏற்றினோம். ஒன்றிலிருந்து பலர் ஒரே கணத்தில் கேட்கும் முறை 2022 முதல் புளூடூத்திலும் ஆரக்காஸ்ட் என்னும் பெயரில் வந்துவிட்டது. அதற்கேற்ற ஹெட்போன்கள் எங்கள் கைக்கு எட்டவில்லை. அதனால் என்ன? கால அட்டவணையைக் கருவியாக்கியவரின் வாழ்வைப் படித்தவர்கள் அல்லவா நாங்கள்!

தை மாதத்தில் அதே மைதானத்தில் அதே படத்தை மீண்டும் காட்டினோம். முதலில் நண்பர் வர மறுத்தார். வற்புறுத்தி அழைத்து வந்து நடுவில் அமர்த்தினோம். மழைக் காட்சி வந்தது. அவர் தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது; இடி உருண்டபோது வலப்பக்கம் திரும்பியது. அதன்பின் நகைச்சுவைக் காட்சி வந்தது. திரையைப் பார்க்காமல் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானம் முழுவதும் ஒரே நேரத்தில் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவர் குரல் எது என்று என்னால் பிரித்தறிய இயலவில்லை.

நண்பர்களே! மீனவர் மகனுக்கும் மாஜிஸ்திரேட் மகனுக்கும் ஒரே பாயில் இடம் தந்த பள்ளியில் தொடங்கிய வாழ்வு போஸுடையது. அவர் அனுப்பிய அலையும் ஆளுநர் என்றும் ஏவலர் என்றும் பார்க்கவில்லை; அனைவரையும் கடந்து சென்று மணியை அடித்தது. சிலருக்கு முன்னும் சிலருக்குப் பின்னும் சென்று சேர்வது அலையின் குற்றமன்று. நாம் இடையில் வைப்பவற்றின் குற்றம். அவற்றைக் கண்டுபிடித்து நீக்குவதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நம் கல்லூரியிலும் சிறிய அறைகள் இருக்கின்றன. ஒன்றைத் திறந்துகொண்டு உள்ளே செல்வோம்.